வீக்கம் கணையத்தில், ஆபரேஷன் பித்தப்பையில்

கணையத்தில் அழற்சி என்கிறார்கள், எடுப்பதோ பித்தப்பையை. "வீக்கம் ஒரு எடத்துல, ஆபரேஷன் வேற எடத்துலயா டாக்டர்?" என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். சமையலறை சிங்குக்கு அடியில் குனிந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிங்க். இரண்டின் குழாய்களும் கீழே சேர்ந்து ஒரே வாய் வழியாக வெளியேறுகின்றன. முதல் சிங்க் கல்லீரல். அதிலிருந்து பித்தநீர் இறங்குகிறது. இரண்டாவது கணையம், அதிலிருந்து செரிமான நீர். சேர்ந்த வாய் திறப்பது முன்சிறுகுடலில். பித்தநீர்க் குழாயின் பக்கக் கிளையில் ஒரு சேமிப்புக் குடுவை தொங்குகிறது. அதுதான் பித்தப்பை.

முதலில், அந்தக் குடுவையில் தேங்கும் பித்தநீரில் கொழுப்பு படிந்து கற்கள் உருவாகின்றன. பெரிய கல் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். வம்பு செய்வது சின்னக் கல்தான். அது நழுவி இறங்கி, கடைசி வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். பால்டிமோரில் யூஜீன் ஓப்பி என்ற மருத்துவர் 1901இலேயே இதை எழுதிவிட்டார்.

பிறகு இரண்டாவது சிங்கில் நீர் தேங்குகிறது. குடலுக்குப் போன பிறகு விழிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து, கணையத்தையே செரிக்கத் தொடங்குகின்றன. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுவரை துளைக்கும் வலி, வாந்தி. ரத்தத்தில் லைப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பான உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். ஸ்கேனில் கல் தெரியும்.

உடனே கத்தியை எடுப்பதில்லை. டிரிப்ஸ், வலி மருந்து, முடிந்தவுடன் சாப்பாடு. பல கற்கள் தாமாகவே குடலுக்குள் விழுந்துவிடும். விழாமல், காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து பித்தக் குழாயில் கிருமி பரவினால், 24 மணி நேரத்துக்குள் வாய்வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு, குழாய்கள் சேர்ந்து குடலில் திறக்கும் அந்த வாயைச் சற்றுக் கீறிக் கல்லை எடுக்கிறார்கள்.

கல் போய்விட்டது; குடுவை அங்கேயே இருக்கிறது! அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். அதனால்தான் பித்தப்பையை எடுப்பது. 'வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்பது பழைய வழக்கம். லேசான அழற்சி வந்த 266 பேரிடம் டச்சு மருத்துவர்கள் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் ஆறு மாதத்துக்குள் கல்லின் தொல்லையால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அல்லது இறந்தார்கள். அதே தடவையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 5 பேர்தான். எனவே லேசான அழற்சி என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பே செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆபரேஷனில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைத்து, பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போடுகிறார்கள். ஒன்றில் கேமரா. அடுத்தது நிதானம் தேவைப்படும் கட்டம்: கொழுப்பை விலக்கி, பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு ரத்தக் குழாயும் மட்டுமே என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அவசரப்பட்டுப் பிரதான பித்தக் குழாயை வெட்டிவிட்டால் அது பெரும் ஆபத்து. பிறகு பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பெரும்பாலும் தொப்புள் துளை வழியே எடுக்கிறார்கள். அதன் பின் பித்தநீர் தேங்காமல் நேரே குடலுக்குப் போகும்.

கடுமையான அழற்சியில் கணக்கு வேறு. கணையத்தின் பகுதிகள் செத்து, சுற்றிலும் நீர் கட்டியிருக்கும். அந்த நேரத்தில் கத்தி வைத்தால் கேடு. நீர் வடியும்வரை, அல்லது சுமார் ஆறு வாரம், பித்தப்பை காத்திருக்கலாம். செத்த திசுவில் சீழ் பிடித்தால் முதலில் ஒரு குழாய் வைத்து வடிக்கிறார்கள்; அது போதாவிட்டால்தான் அடுத்த படியாகச் செத்த திசுவை அகற்றுகிறார்கள். 2010இல் வெளிவந்த இன்னொரு டச்சு ஆய்வில், இந்தப் படிப்படியான முறைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தக் குழாயே போதுமானதாக இருந்தது.