பந்துக்கு முந்தாதே!

2022 நவம்பர் 22 அன்று, கத்தாரின் லுசைல் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தின் முற்பாதியில், சவூதி அரேபியாவின் வலைக்குள் அர்ஜென்டினா நான்கு முறை பந்தை அனுப்பியது. ஆனால் கணக்கில் ஏறியது ஒன்றுதான், மெஸ்ஸி பெனால்டியில் அடித்தது. மற்ற மூன்றும் ‘ஆஃப்சைடு’ என்று செல்லாமல் போயின. பிற்பாதி தொடங்கியதும் ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றது.

கால்பந்தைப் புதிதாகப் பார்க்க உட்காருபவரைக் குழப்புவது பெரும்பாலும் இந்த ஆஃப்சைடுதான். மற்ற விதிகளை ஒரே ஆட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம். மொத்தமே 17 விதிகள். முதலில் எளியவற்றை முடித்துவிட்டு ஆஃப்சைடுக்கு வருவோம்.

ஒவ்வோர் அணியிலும் கோல்கீப்பரோடு சேர்த்து 11 பேர். சர்வதேச ஆட்டங்களுக்கான மைதானம் 100 முதல் 110 மீட்டர் நீளம், 64 முதல் 75 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் இடைவெளி. குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். கோலின் முன்னால் 16.5 மீட்டர் வரை நீளும் பெரிய கட்டம்தான் பெனால்டி ஏரியா. கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடலாம் என்பது தன் பக்கத்துக் கட்டத்துக்குள் மட்டுமே. அதற்குள்ளும், சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிட்ட பந்தைக் கையில் எடுக்கக் கூடாது. பந்தைப் பின்னால் தட்டித் தட்டியே நேரத்தைக் கடத்துவதைத் தடுக்க 1992இல் வந்த விதி இது.

ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், நடுவே அதிகபட்சம் 15 நிமிட இடைவேளை. பந்து வெளியே போனாலும் வீரர் அடிபட்டு விழுந்தாலும் கடிகாரம் நிற்காது. அப்படி வீணான நேரத்தை ஒவ்வொரு பாதியின் முடிவிலும் நடுவர் சேர்த்துக் கொடுப்பார். கத்தாரில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தின் முற்பாதியில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட, 14 நிமிடங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால், கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கு ‘த்ரோ இன்’. இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து எறிய வேண்டும், இரண்டு காலும் தரையில் பட்டிருக்க வேண்டும். கோல் கோட்டுக்கு வெளியே போனால், கடைசியாகத் தொட்டது தாக்கும் அணி என்றால் ‘கோல் கிக்’, தடுக்கும் அணி என்றால் ‘கார்னர்’. தன் வலைக்குள் தானே பந்தைத் தட்டிவிட்டால் நாம் எல்லோரும் அறிந்த சேம் சைடு கோல்.

கோடு என்பது மைதானத்தின் பகுதி. அதனால் பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால்தான் வெளியே போனதாகவோ கோலாகவோ கணக்கு. அதே உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா மீட்டுக் கொடுத்த பந்து, தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு வெளியே போய்விட்டதாகவே தோன்றியது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு கோட்டுக்கு நேர் மேலே இருந்தது. அந்தப் பந்திலிருந்து விழுந்த கோல் செல்லுபடியானது. ஜப்பான் 2-1 என்று வென்றது.

எதிராளியைத் தள்ளுவது, இழுப்பது, காலைத் தட்டிவிடுவது எல்லாம் ஃபவுல். தவறு நடந்த இடத்திலிருந்து எதிரணிக்கு ‘ஃப்ரீ கிக்’ கிடைக்கும். தடுக்க நிற்பவர்கள் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடுவர் ஒரு கையை மேலே தூக்கியபடி நின்றால் அது மறைமுக ஃப்ரீ கிக்: இன்னொருவர் மீது படாமல் நேராக வலைக்குள் போனால் கோல் கிடையாது. ஃபவுல் நடந்தும் பந்து பாதிக்கப்பட்ட அணியிடமே சாதகமாக இருந்தால், நடுவர் விசில் ஊதாமல் கைகளை முன்னே நீட்டி ஆட்டத்தைத் தொடர விடுவார். இதற்கு ‘அட்வான்டேஜ்’ என்று பெயர்.

எச்சரிக்கைக்கு மஞ்சள் அட்டை, வெளியேற்றத்துக்குச் சிவப்பு அட்டை. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் ஒரு சிவப்பு. வெளியேறியவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க முடியாது. இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டனுக்குப் போக்குவரத்து விளக்கைப் பார்த்துத் தோன்றியதுதான் இந்த அட்டை யோசனை. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது.

நேரடி ஃப்ரீ கிக்குக்கு உரிய ஃபவுலைத் தன் பெனால்டி ஏரியாவுக்குள் செய்தால் தண்டனை பெனால்டி: 11 மீட்டர் தூரத்திலிருந்து, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு ஓர் அடி. பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்றே தொட்டாலோ, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கி மறித்தாலோ ‘ஹேண்ட்பால்’. முதல் ஆட்டத்தில் தோற்ற அர்ஜென்டினா டிசம்பர் 18 இறுதிப் போட்டியில் பிரான்ஸைச் சந்தித்தபோது மூன்று பெனால்டிகள் தரப்பட்டன. 90 நிமிடத்தில் 2-2, அரை மணி நேர கூடுதல் ஆட்டத்தில் 3-3. கடைசியில் அணிக்கு ஐந்து அடிகள் கொண்ட பெனால்டி ஷூட் அவுட். அர்ஜென்டினா 4-2 என்று கோப்பையை வென்றது. கூடுதல் நேரத்தில் ஹேண்ட்பால் செய்து பிரான்ஸுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமான அர்ஜென்டினாவின் மான்டியெல்தான் வெற்றி தந்த கடைசி அடியையும் அடித்தார்.

இனி ஆஃப்சைடு. சக வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் நிற்கும் நீங்கள் இரண்டை ஒருசேர முந்தியிருக்கக் கூடாது: ஒன்று பந்து, மற்றொன்று எதிரணியில் கோல் கோட்டுக்கு நெருக்கமாக நிற்பவர்களில் கடைசிக்கு முந்தையவர். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பராகவே இருப்பதால், நடைமுறையில் கடைசித் தற்காப்பு வீரரை முந்தி நிற்காதே என்று பொருள். சமமாக நின்றால் தவறில்லை. கைகள் கணக்கில் சேராது. தலை, உடம்பு, கால் மட்டும்தான். நிற்பதே குற்றமும் அல்ல. அங்கிருந்து பந்தைத் தொட்டாலோ எதிராளிக்கு இடைஞ்சல் செய்தாலோதான் உதவி நடுவரின் கொடி உயரும். த்ரோ இன், கோல் கிக், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

பார்க்கும்போது தடுமாறுவது ‘கணம்’ என்ற இடத்தில்தான். பந்து வந்து சேரும்போது வீரர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை. பந்து கிளம்பும்போது எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி. பந்து பறக்கும் நேரத்தில் அவர் எத்தனை பேரைத் தாண்டி ஓடினாலும் சரிதான்.

இந்த விதி இல்லையென்றால் ஒவ்வோர் அணியும் எதிரி வலைக்கு அருகிலேயே இரண்டு பேரை நிரந்தரமாக நிறுத்திவிடும். நடுக்களத்துக்கு வேலையே இருக்காது. நெடும் உதைகளே ஆட்டமாகிவிடும். பந்திக்கு முந்து என்பது நம் ஊர்ப் பழமொழி. 1863இல் லண்டனில் எழுதப்பட்ட முதல் விதிப்படியோ பந்துக்கு முந்தினாலே குற்றம். 1866இல் முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருந்தால் போதும் என்று தளர்ந்தது. 1925இல் மூன்று இரண்டானது. அடுத்த பருவத்திலேயே இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கோல்கள் 1,192லிருந்து 1,703 ஆகக் கூடின. ஓர் எண்ணைக் குறைத்ததற்கே இவ்வளவு விளைவு. சமமாக நிற்பது தவறல்ல என்ற சலுகை 1990இல் வந்தது.

தடுப்பவர்கள் இந்த விதியை ஆயுதமாக்குவதும் உண்டு. சவூதி செய்தது அதைத்தான். அதன் தற்காப்பு வீரர்கள் வலையருகே பதுங்காமல், ஒரே வரிசையாக நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றார்கள். அவர்களைத் தாண்டி ஓடிய அர்ஜென்டினா வீரர்கள் அரையடி அவசரப்பட்டாலும் ஆஃப்சைடு பொறியில் விழுந்தார்கள். ஆனால் பொறி இருபக்கமும் கடிக்கும்: வரிசையில் ஒருவர் பின்தங்கினாலும் எதிராளிக்குக் கோல்கீப்பர் மட்டுமே மிச்சம்.

கத்தாரில் கூரைக்குக் கீழே பொருத்திய 12 கேமராக்களும் பந்துக்குள் வைத்த உணர்கருவியும் ஆஃப்சைடைக் கண்காணித்தன. ஆனால் முந்தி நின்றவர் ஆட்டத்தில் குறுக்கிட்டாரா என்பதை இன்றும் மனிதர்தான் முடிவு செய்கிறார்.

அடுத்து ஓர் ஆட்டம் பார்க்கும்போது பந்தை மட்டும் துரத்தாமல் தற்காப்பு வரிசையையும் கவனியுங்கள். அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, யார் அதை ஒட்டி ஓடக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். வலை அசைந்ததும் துள்ளிக் குதிப்பதற்கு முன், கோட்டோரம் நிற்கும் உதவி நடுவரின் கொடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.