கோசோத் தீவில் நான்கு சக்கரப் பயணம்

மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவிற்குத் தெற்கே மால்டா என்னும் சிறிய நாடு உள்ளது. அதன் இரண்டாவது பெரிய தீவு கோசோ. பரப்பு 67 சதுர கிலோமீட்டரே. ஆயினும் எங்கு நோக்கினும் பாறையும் மேடுபள்ளமும்தாம்.

இத்தீவைக் காண வருவோர் பலர் குவாட் பைக்கில் பயணம் செய்கின்றனர். மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும், அகன்ற நான்கு சக்கரங்களும் உடைய வண்டி அது. வழிகாட்டி முன்செல்ல, ஏனையோர் தலைக்கவசம் அணிந்து வரிசையாகப் பின்தொடர்வர். இந்தியாவைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்ற வழக்கம் இது.

வழிகாட்டி எதற்கு? தென்கரையில் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. விளிம்பை அறியாதவர் வண்டியை விரைந்து செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. மேலும், கோசோவின் பாறை சுண்ணாம்புக்கல். அலையும் காற்றும் அதனை இடைவிடாது அரிக்கின்றன. மேற்குக் கரையில் துவெய்ரா என்னுமிடத்தில் 'நீலச் சாளரம்' என்று புகழ்பெற்ற இயற்கைக் கல்வளைவு ஒன்று இருந்தது. உலகெங்குமிருந்து மக்கள் அதைக் காண வந்தனர். 2017 மார்ச் 8 அன்று வீசிய புயலில் அது இடிந்து கடலில் மறைந்தது. பழைய படங்களைப் பார்த்து வருவோர் இன்று அங்கே வெறும் கடலையே காண்கின்றனர்.

பாறைமேல் படிந்துள்ள மண்ணும் மிக மெல்லியது. சக்கரம் பாதையை விட்டு விலகினால், அம்மண்ணில் வேரூன்றிய காட்டுச் செடிகள் நசுங்கிவிடும்.

வடகரையில் பாறையைக் குடைந்து அமைத்த உப்புப் பாத்திகள் உள்ளன. கோடையில் கடல்நீர் வற்றியதும், உப்பைக் கூட்டி அள்ளுவர். அங்கே வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, பாத்திகளை மிதிக்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.