வந்து சேராத மென்பொருள்

நுழையும்முன்

கணினி இல்லாத அலுவலகம் இன்று அரிது. அக்கணினிகளுக்கு வேண்டிய மென்பொருள்களை ஒவ்வொன்றிலும் தனித்தனியே நிறுவிய காலம் மாறி, ஓரிடத்திலிருந்தே அனைத்திற்கும் அனுப்பும் முறை வழக்கத்திற்கு வந்துவிட்டது. அனுப்பிய மென்பொருள் எல்லாக் கணினிகளுக்கும் சென்று சேர்கிறதா? சேரவில்லையெனில் தடை எங்கே உள்ளது? அதனை எவ்வாறு கண்டறிவது? கம்பியில்லா வலையமைப்பில் எழும் இச்சிக்கலையும் அதனைத் தீர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் அலுவலகத்தில் 40 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். கணக்குப் பிரிவுக்கான புதிய மென்பொருள் ஒன்றை அவை அனைத்திலும் நிறுவுமாறு கணினி நிருவாகி மாலையில் ஆணையிடுகிறார். மறுநாள் காலையில் 31 கணினிகளில் அம்மென்பொருள் இருக்கிறது. 9 கணினிகளில் இல்லை. அந்த ஒன்பதிலும் குறையேதும் வெளிப்படையாகத் தெரியவில்லை. இணையம் கிடைக்கிறது, மின்னஞ்சல் வருகிறது, அச்சுப்பொறி இயங்குகிறது. திரையில் பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. ஒன்பதுக்கும் பொதுவானது எது எனத் தேடினால் ஓர் உண்மை புலப்படுகிறது. அவை அனைத்தும் மடிக்கணினிகள். வைஃபை என்னும் கம்பியில்லா வலையமைப்பின் வழியாக மட்டுமே அலுவலகத்தோடு இணைந்தவை.

இணையம் நன்றாகக் கிடைக்கும்போது மென்பொருள் மட்டும் ஏன் வந்து சேரவில்லை? இவ்வினாவிற்கு விடை காண, தானியங்கி நிறுவல் நிகழும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

ஓரிடத்திலிருந்து எல்லா இடத்திற்கும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 இயங்குதளத்தை வெளியிட்டது. ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவு அமைப்பும் குரூப் பாலிசி என்னும் குழுக் கொள்கையும் அதனுடன் வந்தன. ஓர் அலுவலகத்தின் கணினிகள், பணியாளர்கள் ஆகியோர் பற்றிய பதிவு முழுவதையும் அடைவு வைத்திருக்கும். எந்தக் கணினி எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கொள்கை வரையறுக்கும்.

நிறுவ வேண்டிய மென்பொருளைச் சேவையகத்தில் பொதுக் கோப்புறை ஒன்றில் நிருவாகி வைக்கிறார். 'இக்கணினிகளில் இதனை நிறுவுக' எனக் கொள்கையில் குறிக்கிறார். அதன்பின் செயற்படுவது ஒவ்வொரு கணினியும்தான். கணினி தொடங்கும்போது, பணியாளர் பெயரும் கடவுச்சொல்லும் இடுவதற்கு முன்பே, அது சேவையகத்தை நாடுகிறது. தனக்குரிய கொள்கையைப் படிக்கிறது. மென்பொருளை எடுத்து நிறுவிக்கொள்கிறது. எனவே, சேவையகம் மென்பொருளைத் தள்ளுவதில்லை. கணினியே கேட்டுப் பெறுகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் சிக்கலின் பாதி விளங்கிவிடும்.

முந்திக்கொள்ளும் கணினி

கம்பியால் இணைந்த கணினிக்கு வலையமைப்பு ஏறத்தாழ அது தொடங்கும்பொழுதே கிடைத்துவிடுகிறது. கம்பியில்லா இணைப்பு அத்தகையதன்று. கணினியின் வானலைக் கருவி முதலில் விழித்தெழ வேண்டும். அருகிலுள்ள அணுகுபுள்ளிகளைத் தேட வேண்டும். உரியதைத் தேர்ந்து, தான் இன்னார் என மெய்ப்பிக்க வேண்டும். தனக்கென ஒரு முகவரியைப் பெற வேண்டும். இவையெல்லாம் முடியச் சில நொடிகள் ஆகும்.

அந்தச் சில நொடிகளில்தான் வாய்ப்பு நழுவுகிறது. தொடங்கிய கணினி கொள்கையைக் கேட்க முனைகிறது, வலையமைப்பு இன்னும் வரவில்லை, சேவையகம் எட்டவில்லை. கணினி அத்துடன் முயற்சியை விட்டுவிட்டு நுழைவுத் திரையைக் காட்டுகிறது. பணியாளர் உள்ளே நுழைவதற்குள் வைஃபை இணைந்துவிடுகிறது. அவருக்கு இணையம் கிடைக்கிறது. ஆனால், மென்பொருளைக் கேட்டுப் பெறும் வேளை கடந்துவிட்டது. அடுத்த தொடக்கத்திலும் இதுவே நிகழும்.

2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பணியாளரைக் காக்க வைக்காமல் விரைவாகத் தொடங்கும் பொருட்டு, வலையமைப்புக்குக் காத்திராமலே நுழைவுத் திரையைக் காட்டும் முறையை மேற்கொண்டது. விரைவு கிடைத்தது, நிறுவல் தள்ளிப்போயிற்று. 'தொடங்கும்போது வலையமைப்புக்காக எப்பொழுதும் காத்திரு' என்னும் கொள்கையை இயக்குவதும், காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதும் இதற்குரிய தீர்வுகள்.

2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 மற்றொரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. விரைவுத் தொடக்கம் எனப்படும் வசதி இயங்கும் கணினியை அணைத்தால், அது முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்பகுதி உறங்குநிலையில் சேமிக்கப்படுகிறது. அதனால், அணைத்து மீண்டும் இயக்கும்போது முழுத் தொடக்கம் நிகழாமல், தொடக்கத்தில் நடைபெற வேண்டிய நிறுவல் விடுபடக்கூடும். மறுதொடக்கம் செய்தால் முழுத் தொடக்கம் நிகழும். நாள்தோறும் அணைத்து வைக்கப்படும் மடிக்கணினி, பல நாள்களாக ஒருமுறைகூட முழுமையாகத் தொடங்காமல் இருந்திருக்கலாம்.

கேட்பவர் யார்?

நேரத்தை அடுத்து நோக்க வேண்டியது அடையாளம். பல அலுவலகங்களில் வைஃபை, பணியாளரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே இணைகிறது. பணியாளர் உள்ளே நுழையும்வரை அந்த இணைப்பிற்கு உயிர் இல்லை. மென்பொருளோ அவர் நுழைவதற்கு முன்பே நிறுவப்பட வேண்டியது. இந்நிலையில் எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் பயனில்லை. பணியாளருக்கு இருப்பதுபோலவே கணினிக்கும் அடைவில் தனிக் கணக்கு உண்டு. அக்கணக்கைக் கொண்டு, மனிதர் எவரும் நுழையாத நிலையிலும் கணினி தானே வைஃபையில் இணையுமாறு அமைத்தல் வேண்டும்.

பொதுக் கோப்புறையைப் படிக்கும் உரிமையும் இதனோடு தொடர்புடையது. தொடக்க வேளையில் கோப்புறையைத் திறப்பது பணியாளர் அல்லர், கணினியே. பணியாளர்களுக்கு மட்டும் உரிமை தந்திருந்தால் கணினிக்குக் கதவு திறவாது. நிருவாகி தம் பெயரில் நுழைந்து அதே கோப்புறையிலிருந்து நிறுவிப் பார்த்தால் மென்பொருள் குறையின்றி நிறுவப்படும். 'எல்லாம் சரியாகத்தான் உள்ளது' என அவர் மயங்குவதற்கு இதுவே காரணம். கோப்புறையின் இருப்பிடத்தை வட்டு எழுத்தால் குறிப்பதும் இத்தகைய பிழையே. அவ்வெழுத்து பணியாளர் நுழைந்த பின்னரே தோன்றும். சேவையகத்தின் பெயரோடு கூடிய முழு வலைப்பாதையைக் குறிப்பதே முறை.

தெரியுமா?

கணினியும் சேவையகமும் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கக் கெர்பரோஸ் என்னும் நெறிமுறையைக் கையாள்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான இதற்கு, கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் சூட்டப்பட்டது. விண்டோஸ் வலையமைப்பில் கணினியின் கடிகாரமும் சேவையகத்தின் கடிகாரமும் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால், இயல்பான அமைப்பில் அடையாளம் ஏற்கப்படாது. கடிகாரம் பிழையாக ஓடும் மடிக்கணினிக்கு மென்பொருள் வராமற்போக இதுவும் ஒரு காரணமாகலாம்.

பலர் பகிரும் காற்று

நேரமும் அடையாளமும் சரியாக அமைந்த பின்னரும் ஒரு தடை எஞ்சும். ஓர் அணுகுபுள்ளியோடு இணைந்த கணினிகள் அனைத்தும் ஒரே வானலைத் தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கணினி பேசும்போது அத்தடத்திலுள்ள பிற கணினிகள் காத்திருக்கின்றன.

மென்பொருளின் அளவு 500 மெகாபைட் எனவும், தடத்தில் உண்மையாகக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 50 மெகாபிட் எனவும் கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 9 கணினிகளுக்கும் சேர்த்து 36,000 மெகாபிட் செல்ல வேண்டும். இதற்கு 720 நொடிகள், அதாவது 12 நிமிடங்கள் ஆகும். 40 கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். காலை 9 மணிக்கு அனைவரும் ஒருசேரக் கணினியை இயக்கினால், பணிநேரத்தின் முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பதிலேயே கழியும். பொறுமையிழந்து எவரேனும் மின்பொத்தானை அழுத்திக் கணினியை அணைத்தால் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

மெதுவான இணைப்பைக் குழுக் கொள்கை வேறுவகையாகவும் நடத்துகிறது. இணைப்பின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைவாக இருந்தால், இயல்பான அமைப்பில், மென்பொருள் நிறுவலைக் கணினி தவிர்த்துவிடும். பாதுகாப்பு அமைப்புகள் போன்ற சிலவற்றை மட்டும் ஏற்கும். சுவர்களுக்கு அப்பால், அணுகுபுள்ளியின் எல்லையில் இருக்கும் கணினிக்கு இந்நிலை நேரலாம்.

கணினிகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு நாள்களில் அனுப்புவது சுமையைக் குறைக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜர், இன்டியூன் போன்ற கருவிகள் மற்றொரு வழியைத் தருகின்றன. இவை கணினி தொடங்கும் வேளையை மட்டும் நம்பியிருப்பதில்லை. கணினியில் தங்கியுள்ள முகவர் மென்பொருள், வலையமைப்பு கிடைக்கும்போதெல்லாம் பணியைத் தொடர்கிறது. கோப்பு பின்னணியில் இறங்குகிறது. இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

பழுதறியும் நெறி

இத்தனை காரணங்களுள் எது உண்மையான காரணம் என எவ்வாறு அறிவது? ஊகித்து ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவது தவறான வழி. அவ்வாறு மாற்றினால் சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. மீண்டும் வந்தால் தீர்க்கவும் இயலாது.

முதற்செயல், ஐயத்தை இரண்டாகப் பிரித்தல். மென்பொருள் வராத மடிக்கணினிகளுள் ஒன்றைக் கம்பியால் இணைத்து மறுதொடக்கம் செய்தல் வேண்டும். மென்பொருள் நிறுவப்பட்டால், மென்பொருளும் கொள்கையும் கோப்புறை உரிமையும் சரியாகவே உள்ளன. பழுது கம்பியில்லாப் பாதையில் இருக்கிறது. அப்போதும் நிறுவப்படாவிட்டால் வைஃபையைக் குறைகூறுவதற்கு இடமில்லை. ஒரே ஒரு சோதனையில் காரணங்களின் பெரும்பகுதி விலகிவிடுகிறது.

அடுத்தது, பதிவேட்டைப் படித்தல். திரை அமைதியாக இருந்தாலும் கணினி தன் நிகழ்வுப் பதிவேட்டில் எல்லாவற்றையும் நேரத்துடன் எழுதி வைக்கிறது. அதில் 1129 என்னும் எண் காணப்பட்டால், வலையமைப்பு எட்டாததால் கொள்கையைப் பெற இயலவில்லை என்பது பொருள். 1612 என்னும் பிழை, மென்பொருள் இருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும், 1618 என்பது வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் குறிக்கும். கொள்கையைக் கேட்ட நேரத்தையும் வைஃபை இணைந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எது முந்தியது என்பது ஐயமின்றித் தெரியும்.

இறுதியாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்து, பலனைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு கணினியில் பயன்தந்த மாற்றத்தை மற்றொன்றிலும் சோதித்த பின்னரே அனைத்திற்கும் விரிவுபடுத்துதல் முறை.

விடுபட்டவற்றின் விலை

40 கணினிகளுள் 9 விடுபட்டால் என்ன என எண்ணத் தோன்றலாம். அனுப்புவது பாதுகாப்புத் திருத்தமாக இருந்தால் அதன் விலை பெரிது. விண்டோஸின் குறை ஒன்றைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே குறையின் வழியே நுழைந்த வான்னாக்ரை என்னும் தீநிரல் மே 12 அன்று உலகெங்கும் பரவியது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தும் எண்ணற்ற கணினிகளுக்குத் திருத்தம் சென்று சேர்ந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையைச் சேர்ந்த 236 மருத்துவ அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவை மருத்துவங்களும் நோயாளிகளின் சந்திப்புகளும் நின்றுபோயின. திருத்தம் சேராமைக்குக் காரணங்கள் பல. ஆயினும், வெளியிடப்பட்டது வேறு, வந்து சேர்ந்தது வேறு என்பதை அந்நிகழ்வு உலகிற்கு உணர்த்தியது.

எல்லாவற்றிற்கும் ஒரே நொடியில் அனுப்புவதும் தீர்வாகாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டபோதும் பாதிப்பு நீங்கவில்லை. நின்றுபோன கணினிகளால் சரியான கோப்பை வலையமைப்பின் வழியே பெற இயலவில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை மனிதர்கள் ஒவ்வொன்றாக அணுகிச் சீர்செய்ய நேர்ந்தது. சிலவற்றில் சோதித்த பின்னரே பலவற்றிற்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் பாடம்.

தானியங்கி முறை மனித உழைப்பைக் குறைக்கிறது. மனிதப் பொறுப்பைக் குறைப்பதில்லை. ஆணையிட்டதோடு நிருவாகியின் கடமை முடிவதில்லை. எவற்றிற்குச் சேர்ந்தது, எவற்றிற்குச் சேரவில்லை எனக் கணக்கெடுத்து, சேராதவற்றின் காரணத்தைத் தேடி, நாற்பதாவது கணினியிலும் மென்பொருள் இயங்குவதைக் கண்ட பின்னரே அப்பணி நிறைவுறுகிறது.

கலைச்சொற்கள்

நிறுவல் – இன்ஸ்டலேஷன்
சேவையகம் – சர்வர்
இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
அணுகுபுள்ளி – ஆக்சஸ் பாயிண்ட்
நெறிமுறை – புரோட்டோகால்
நிகழ்வுப் பதிவேடு – ஈவன்ட் லாக்
மறுதொடக்கம் – ரீஸ்டார்ட்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் கம்பியால் இணைந்த கணினிகள், வைஃபையால் இணைந்த கணினிகள் எத்தனை எனக் கணக்கிட்டு, அவற்றின் மென்பொருள்கள் எவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றன என்பதை ஆசிரியரிடம் கேட்டு எழுதுக.
2. வீட்டில் பழுதான மின்கருவி ஒன்றின் குறையை, ஒரு சோதனையால் ஐயத்தை இரண்டாகப் பிரிக்கும் நெறியைப் பின்பற்றி எவ்வாறு கண்டறிவீர்கள் என விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.
3. 'புதுப்பிப்புகளை வந்தவுடன் ஏற்பதா, சோதித்தபின் ஏற்பதா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.