தகவல் துளி: கேத்லீன் ஃபெரியர்

இங்கிலாந்தின் லங்காஷயரில் 1912-இல் பிறந்தவர் பாடகி கேத்லீன் ஃபெரியர். பதினான்கு வயதில் படிப்பை விட்டு, தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பியானோதான் அவர் முறையாகக் கற்ற கலை. 1937-இல் கார்லைல் நகர இசைப் போட்டியில் பியானோவோடு பாட்டிலும் கலந்துகொள்ள முடியுமா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். ஃபெரியர் இரண்டிலும் முதல் பரிசு வாங்கினார்!

அவருடையது காண்ட்ரால்டோ, அதாவது பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்த, கனத்த குரல். போர்க்காலத்தில் ஊர் ஊராகச் சென்று பாடினார். 1946-இல் பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய ஓபராவில் லுக்ரீஷியாவாக மேடையேறினார். ஓபரா மேடையில் அவர் ஏற்றவை இரண்டே வேடங்கள்; மற்றொன்று இசையமைப்பாளர் குளுக்கின் ஓபராவில் வரும் ஆர்ஃபியஸ். தனிப்பாடல்களில்தான் அவர் மனம் தோய்ந்திருந்தது. நடத்துநர் புரூனோ வால்டருடன் 1952-இல் வியன்னாவில் அவர் பதிவுசெய்த இசையமைப்பாளர் மாலரின் பாடல்களைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

அதற்கு முன்பே மார்பகப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1953 பிப்ரவரியில், லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் ஆர்ஃபியஸாகப் பாடிக்கொண்டிருந்தபோது அவரது தொடை எலும்பு முறிந்தது. அந்த வலியோடும் ஓபராவை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். அதற்குப் பின் அவர் மேடையேறவில்லை. அக்டோபர் 8 அன்று காலமானபோது வயது 41.

அவர் பெயரில் இளம் பாடகர்களுக்கு இன்றும் பரிசு வழங்கப்படுகிறது. வேல்ஸ் பாடகர் பிரின் டெர்ஃபெல் 1988-இல் அதைப் பெற்றார்.