மிதித்தால் சீறும் வண்டி

"நிக்கும்போது சீறுதா, மிதிக்கும்போது சீறுதா?" வண்டியில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறது என்று போய் நின்றால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். பானெட்டைத் திறப்பதெல்லாம் பிறகு. பாதிக் கோளாறு இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி, திண்டிவனம் போகும் சாலையில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். மல்லாட்டை மூட்டை ஏற்றிய பொலேரோ பிக்கப், பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும் வேன், பழைய டீசல் ஸ்விஃப்ட். பெரும்பாலும் டர்போ வைத்த டீசல் இன்ஜின்கள். வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

அமுக்கப்பட்ட காற்று ரப்பர் ஹோஸ் வழியே இன்டர்கூலருக்குப் போய்ச் சூடு தணிந்து, இன்னொரு ஹோஸ் வழியே இன்ஜினுக்கு வருகிறது. இன்ஜின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் வருஷக்கணக்கில் வெந்த ரப்பர் விறைத்துப்போய் வெடிப்பு விடும், கிளிப் தளரும். ஐடிலிங்கில் ஹோஸுக்குள் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தம் அனேகமாக இராது, அதனால் சத்தமும் இராது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மடங்கியிருந்த வெடிப்பு வாயைத் திறக்கிறது. "ஷெட்டுக்கு வந்தா மட்டும் சத்தமே போட மாட்டேங்குது" என்று வண்டிக்காரர் புலம்புவது இதனால்தான். நியூட்ரலில் ரேஸ் பண்ணினாலும் முழு அழுத்தம் ஏறாது. இன்ஜினுக்குப் பாரம் வேண்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்றாவது கியரில் ஒரு ஓட்டம் போய்வருவதுதான் வழி.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் கதை தலைகீழ். கால் எடுத்த நிலையில் த்ராட்டில் மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்ச, உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஹோஸில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். மிதித்தால் த்ராட்டில் திறந்து, அழுத்த வித்தியாசம் குறைந்து, சீறலும் அடங்கும். சீறினாலே 'வேக்குவம் லீக்' என்று சொல்லிக் கைக்குக் கிடைத்த ஹோஸை மாற்றுவது வீண் செலவு. மிதிக்கும்போது ஏறும் சத்தத்துக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

இத்தனை சின்ன வெடிப்பு இவ்வளவு சத்தம் போடுவதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு. ஒரு பக்க அழுத்தம் மறுபக்கத்தைப் போலச் சுமார் 1.9 மடங்கைத் தாண்டிவிட்டால், துளையில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது. மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல். வெளியே அழுத்தத்தை இன்னும் குறைத்தாலும் துளையில் வேகம் கூடாது. அழுத்தம் குறைந்த செய்தியே ஒலியின் வேகத்தில்தான் பின்னோக்கிப் போக முடியும். எதிரே காற்றும் அதே வேகத்தில் வரும்போது செய்தி உள்ளே போய்ச் சேராது. மல்லாட்டை வண்டி அறுபதில் போய்க்கொண்டிருக்க, அதன் ஹோஸ் வெடிப்பில் ஜெட் விமான வேகம்!

ஜெட் விமான இரைச்சலை ஆராய்ந்த பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் காட்டிய கணக்கு இங்கும் உதவும். பீறிடும் காற்றின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் மடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஒலித்திறன் 256 மடங்கு. லேசாக மிதித்தபோது கேட்காதது, முழுக்க மிதித்ததும் காதைத் துளைப்பது அதனால்தான். துளை சிறுக்கச் சிறுக்கச் சுருதியும் ஏறும். ஒரு சென்டிமீட்டர் வாய்க்கு ஒலியின் உச்சம் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம். மூன்று மில்லிமீட்டருக்கு 20,000 பக்கம், அதாவது மனிதக் காதின் எல்லை. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த சுருதிகளைத்தான். பெரிய மேஸ்திரிக்குக் கேட்காத சீறல் உதவிக்கு நிற்கும் பையனுக்குக் கேட்டால், பையனை நம்பலாம்.

காதுக்கு அகப்படாததைக் கண் பிடிக்கும். டர்போ ஹோஸில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி ஓடும். ஒழுகும் இடத்தில் தூசி படிந்த ஈரமான எண்ணெய்க் கறை வட்டம் போட்டிருக்கும். ஹோஸைக் கையால் மடக்கிப் பாருங்கள், அடிப்பக்கத்து வெடிப்பு அப்போதுதான் தெரியும். நிச்சயப்படுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்துவிட்டு, இரு முனையையும் அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். பஞ்சர் கடை வைத்தியம்தான். சுற்றிய டேப் ஷெட் வாசல் வரைக்கும்தான் தாங்கும், ஹோஸை மாற்றுங்கள். மாட்டுமுன் குழாய் வாயிலுள்ள எண்ணெயைத் துடைக்காவிட்டால், புது ஹோஸும் முதல் மிதியிலேயே வழுக்கிக் கழன்றுகொள்ளும். கவனிக்காமல் ஓட்டினால் வண்டியின் இழுவை குறையும், கருப்புப் புகை தள்ளும், இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்று தேயும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் காலடியில் சீறினால் அது பிரேக் பூஸ்டர். தள்ளிப்போடக் கூடாத வேலை.

மிதித்தால் ஏறும் சீறல் எல்லாமே டர்போ ஹோஸும் அல்ல. புகை வெளியேறும் மேனிஃபோல்டு கேஸ்கெட் விட்டாலும் அதே நேரத்தில்தான் சத்தம் வரும். அங்கே எண்ணெய்க்குப் பதில் கரி படிந்திருக்கும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. சீறலோடு வண்டிக்குள் லேசாகப் புகை வாடை அடித்தாலோ, ஓட்டும்போது தலை கனத்தாலோ, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரமாக நிறுத்தி இறங்கிவிடுங்கள். மெக்கானிக் அங்கேயே வரட்டும்.