கடல் காக்கும் கைகளுக்குக் கூலி வேண்டாமா?

நாரணாபுரத்துக்காரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள், சகோதரிகளே? கேட்க வேண்டியதுதான். சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊருக்குச் சோறு போடுவது பட்டாசு, தீப்பெட்டி, அச்சாபீஸ். கண்மாய் நிறைந்தாலே குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போகிற ஜனங்கள் நாங்கள். கடல் என்றால் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடியதும், திருச்செந்தூரில் பிள்ளைக்கு முடியிறக்கிவிட்டுக் கால் நனைத்ததும்தான்.

இருந்தும் எங்கள் மகளிர் குழுவில் இரண்டு வருஷமாகக் கடல் காவலுக்கென்று வாரப் பணம் பிரிக்கிறோம்.

குழுவில் ஒரு அக்கா தன் மகளை வேம்பார் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கு நாங்கள் வேன் பிடித்துப் போனோம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளையின் தாயார் கடலைக் காட்டி, "எங்க ஊருக்கு வேலியே அந்தத் தீவுகதான் தாயி" என்றார். எனக்கு அது புதுச் செய்தி. வந்த பிறகு, ஆசிரியராக இருக்கிற என் கொழுந்தனாரிடம் புத்தகம் வாங்கிப் படித்தேன்.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சின்னத் தீவுகள். மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. இவற்றைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகப் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரித்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பாறை என்கிறோமே தவிர, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டுகிற கூடு அது. மீன்குஞ்சு வளருவது அங்கே. பெரிய அலை வேகம் குறைவதும் அங்கே. அதை உடைத்து எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், வீடு கட்டக் கல்லாக்கினார்கள். 2001-ல் பவளம், கடல் அட்டை எல்லாவற்றையும் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டு வந்தார்கள். அதற்குள் விலங்குசல்லி உட்பட இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-லிருந்து அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கித் தாங்கிப் பிடித்தார்கள்.

சட்டம் சரி, பிடிமானம் யாருடைய வயிற்றில் விழுந்தது? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பாம்பன் தீவுப் பெண்கள் தலைமுறையாகக் கடல்பாசி எடுக்கிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லித்தான் எடுப்பார்கள். நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரிகள் ஆற வைத்துத் துண்டு போடுகிறார்களே கடல்பாசி, அது இந்த மாதிரிப் பாசியிலிருந்து வருவது. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்க்கிற சரக்கும் பாசியிலிருந்துதான் எடுக்கிறார்கள். தீவுகளைப் பூங்காவாக்கியதும் அந்தப் பெண்கள் தீவோரம் போனாலே குற்றம் என்றாயிற்று.

இந்த வலி எங்களுக்குப் புரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது என்றபோது எங்கள் தெருவில் எத்தனை அடுப்பு அணைந்தது! காற்று சுத்தமாக வேண்டியதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதற்கான செலவு திரி முறுக்குகிற பெண்ணின் சனிக்கிழமைக் கூலியிலிருந்தே போனால் எப்படி? 'சுற்றுச்சூழல்' என்றாலே எங்கள் பக்கம் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஆகவே, எவருடைய பிழைப்பு குறைந்ததோ அவர்களையே காவலுக்கு வைத்து, அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கடலில் ஓரளவு அப்படியும் நடந்திருக்கிறது. வனத்துறை கடலோரக் கிராமத்து ஆட்களையே வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வைத்துப் படகில் ரோந்து விடுகிறது. எந்த நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று அவர்களுக்கல்லவா தெரியும்! 2002-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கிராமம் கிராமமாகக் குழுக்களை அமைத்தது. அந்தக் குழுக்கள் வழியாகப் பெண்களுக்குச் சுழல்நிதிக் கடனும் கிடைத்தது.

பாசிப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், இரும்பு கொண்டு சுரண்ட மாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பத்தாயிரம் டாலர்! சீருடையும் விசிலும் இருந்தால்தான் காவலா?

பணம் திரட்டுவதற்கும் பல வழி உண்டு. திருவாடானைப் பக்கம் காரங்காட்டில் கிராமத்துக் குழுவும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். கரீபியன் கடலில் பொனேர் என்ற சின்னத் தீவு 1992-லிருந்து முங்கிப் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக் கடல் பூங்காவை நடத்தி வந்திருக்கிறது. அடுத்த முறை ராமேஸ்வரம் போகிறவர்கள் சங்கும் பவளத் துண்டும் வாங்குகிற காசில் காரங்காட்டுப் படகேறிவிட்டு வாருங்களேன். பிள்ளைகளுக்கும் குஷி.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தச் சம்பந்தி வீட்டு ஊரில் இளவட்டங்கள் சிலர் முறை வைத்து ராத்திரி கரையைச் சுற்றுகிறார்கள். ஆமை முட்டையை நாய் கிளறாமல் பார்ப்பார்கள். தெரியாத படகு தீவோரம் நின்றால் வனத்துறைக்குப் போன் போடுவார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டீசலும் டார்ச் செல்லும் அவரவர் கைக்காசு. இதைக் குழுவில் சொல்லி, ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

ராஜாத்தி மதினி பொரிந்து தள்ளிவிட்டார். "நம்ம தெருவுலயே புருசனை வெடியில பறிகுடுத்துட்டு ரெண்டு பிள்ளையோட ஒருத்தி நிக்கா. அவளுக்குச் செய்யாம ஆமைக்கும் மீனுக்குமா செய்யப் போறீக?"

ஒருத்தராலும் பதில் சொல்ல முடியவில்லை. மதினி சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று வாரம் இதே பேச்சுத்தான். கடைசியில் மதினியே ஒரு வழி சொன்னார்: பத்தில் ஐந்து நம் தெருவுக்கு, ஐந்து கடலுக்கு. 22 பேர், வாரம் 110 ரூபாய் அங்கே, 110 இங்கே. வருஷத்துக்கு 5,720 தான். ஆனால் தவறாமல் போகும். ஒரு தரம் விழா வைத்துத் தொப்பியும் பனியனும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்தத் தொப்பி அடுத்த மாத டீசலுக்கு ஆகுமா? தீபாவளி போனஸை மட்டும் நம்பி யாராவது குடும்பம் நடத்துகிறோமா, சொல்லுங்கள்.

இதைப் போல நீங்களும் செய்ய நினைத்தால், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். குழுவுக்கு அதன் பேரிலேயே பேங்க் கணக்கு இருக்கிறதா, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ரசீது கேட்கக் கூச்சம் வேண்டாம், மளிகைக் கடையில் கேட்பதில்லையா? பணம் எதற்கு என்று முன்கூட்டியே பேசிவிடுவதும் நல்லது. நாங்கள் டீசல், டார்ச் செல், மழைக்கோட்டு என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். குற்றம் செய்கிறவனைப் பிடிக்க அவர்கள் தனியே போகக் கூடாது, போன் போட்டால் போதும் என்பதும் எங்கள் நிபந்தனை. பெற்ற வயிறு அல்லவா!

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுவுக்கான காப்பகமாக நம் அரசு அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. வலையில் சிக்கிய கடல் பசுவை விடுவித்த மீனவர்களை வனத்துறை வெகுமதி கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. வலை அறுந்தால் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

போன அரை வருஷக் கணக்கு தபாலில் வந்தது. வரவு 2,860. டீசல் 1,850, மழைக்கோட்டு இரண்டுக்கு 600, டார்ச் செல் 320. இருப்பு 90. எங்கள் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். ராஜாத்தி மதினி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரி முழுக்க முழிச்ச பிள்ளைக, ஒரு டீக்குக் கூட எழுதலயே?"