செம்பைச் சீவும் உளி

ரயில்வே பணிமனைக்குப் பழுது பார்க்க வந்த ஓர் இழுவை மோட்டாரையும், சமையலறையில் சட்னி அரைக்கும் மிக்ஸியின் மோட்டாரையும் பிரித்து அருகருகே வைத்தால், ஒன்று யானையாகவும் மற்றது எலியாகவும் தோன்றும். ஆயினும் இரண்டின் சுழலும் பகுதியிலும் ஒரு முனையில் செம்பினாலான உருளை ஒன்று அமைந்திருக்கக் காணலாம். பாடநூல்கள் இதனைத் திசைமாற்றி என்று கூறும். பணிமனைகளில் கம்யூட்டேட்டர் என்ற பெயரே வழங்குகிறது. மோட்டார் நெடுநாள் உழைப்பதும், தீப்பொறி கக்கிச் சீக்கிரம் கெடுவதும் பெரும்பாலும் இவ்வுருளையின் மேற்பரப்பைப் பொறுத்தவை. அம்மேற்பரப்போ அதனைக் கடைந்த உளியின் முனையைப் பொறுத்தது.

திசைமாற்றியை முதன்முதலில் ஒரு மின் இயந்திரத்தில் அமைத்தவர் பாரிஸ் நகரத்துக் கருவி வினைஞரான பிக்ஸி என்பவர். 1832ஆம் ஆண்டில், ஆம்பியரின் யோசனைப்படி அவர் இதனைச் செய்தார். வகுப்பறைப் படத்தில் நாம் வரைந்து காட்டுவது இரண்டாகப் பிளந்த ஒரு வளையம் மட்டுமே. உண்மை மோட்டாரிலோ, ஆப்பு வடிவிலான செம்புத் துண்டங்கள் பல வட்டமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே மைக்காத் தகடு செருகப்பட்டிருக்கும். இத்தகட்டின் கனம் பெரிய மோட்டார்களில் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். காக்கைப்பொன் என்று நம் மக்கள் அழைக்கும் அதே பொருள்தான் மைக்கா. மெல்லிய மைக்கா ஏடுகளை அரக்கு போன்ற பசையால் ஒட்டி அழுத்திச் செய்யும் பலகை மைக்கனைட் எனப்படும். கோடர்மா வட்டாரத்து மைக்காவும் சோட்டாநாகபுரிக் காடுகளின் அரக்கும் உலகெங்கும் மின் இயந்திரங்களுக்குள் புகுந்தது இவ்வழியேதான்.

துண்டங்களின்மீது கார்பன் பிரஷ்கள் வில்லின் அழுத்தத்தால் பதிந்து நிற்கும். 300 மில்லிமீட்டர் விட்டமும் 200 துண்டங்களும் உள்ள ஒரு திசைமாற்றி நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். அதன் மேற்பரப்பு நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் பிரஷ்ஷின் கீழ் விரைகிறது. நொடிக்கு 6,600க்கு மேற்பட்ட துண்டங்கள் பிரஷ்ஷைக் கடந்து செல்கின்றன. இவற்றில் ஒரே ஒரு துண்டம் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தாலும் போதும். ஒவ்வொரு சுற்றிலும் அது பிரஷ்ஷை உதைத்து எழுப்பும். எழும் கணத்தில் மின்னோட்டம் காற்றிடைவெளியில் பொறியாகப் பாயும். பொறி செம்பை அரிக்கும். அரித்த இடம் மேலும் பொறியை விளைவிக்கும்.

ஆகையால்தான் தேய்ந்த திசைமாற்றியைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மேற்பரப்பைச் சீர் செய்கிறோம். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆரோக்கியமான திசைமாற்றி புதுச் செம்பின் நிறத்தில் பளபளப்பதில்லை; பழுப்பேறிய சாக்கலேட் நிறத்தில் மெருகுடன் இருக்கும். செம்பின் ஆக்சைடும் கார்பனும் காற்றின் ஈரமும் சேர்ந்த மெல்லிய படலம் அது. பிரஷ் உராய்வின்றி வழுக்கிச் செல்ல அதுவே துணை. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாயின. அவ்வுயரத்துக் காற்றில் ஈரமில்லாமையே காரணம் எனப் பின்னர் அறிந்தனர். எனவே, நிறம் கறுத்திருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் கடைதல் கூடாது. பள்ளமோ, வரியோ, தட்டைப்பட்ட இடமோ, உயர்ந்த துண்டமோ, வட்டம் குலைவோ இருந்தால் மட்டுமே உளியை எடுக்கலாம். கடைந்தெடுத்த செம்பைத் திரும்ப ஒட்ட இயலாது. ஒவ்வொரு திசைமாற்றிக்கும் இதற்குமேல் குறையக் கூடாது என ஒரு விட்டம் உண்டு. அதனை அடைந்ததும், சுற்றுக் கம்பிகள் எவ்வளவு நல்ல நிலையில் இருப்பினும், திசைமாற்றி கழிக்கப்பட வேண்டியதே.

இனி உளிக்கு வருவோம். செம்பு மென்மையான உலோகம். எனவே கடைவது எளிது என்று புதியவர் எண்ணுவர். நடப்பது நேர்மாறு. வார்ப்பிரும்பு பொடியாக உதிரும். பித்தளை முறிந்து தெறிக்கும். செம்போ பிசினைப் போல இழுபடும். உளியின் முனை சிறிது மழுங்கியிருந்தாலும் அது செம்பை வெட்டாமல் தள்ளும். தள்ளப்பட்ட செம்பு முனையிலேயே ஒட்டிக் கட்டியாகி, பிறகு பிய்ந்து மேற்பரப்பில் அப்பிக் கொள்ளும். வெறும் செம்புத் தண்டாயின் இதனால் பரப்புக் கரடுமுரடாவதோடு தீரும். திசைமாற்றியில் கேடு பெரிது. ஒரு துண்டத்தின் விளிம்பிலிருந்து இழுக்கப்பட்ட செம்பு, மைக்காவின் தலைக்கு மேலாகப் பாலம் போட்டு அடுத்த துண்டத்தைத் தொட்டுவிடும். மின்னோட்டம் தாண்டக் கூடாத இடத்தில் பாதை பிறந்துவிடுகிறது.

மைக்காவும் தன் பங்குக்கு உளியைச் சோதிக்கிறது. மைக்கா நகத்தால் உரிக்கத்தக்க மெல்லிய பொருளாயிற்றே என்று தோன்றலாம். அதன் ஏட்டின் முகத்தைக் கீறினால் கடினம் மோ அளவையில் இரண்டரை அளவே. ஏட்டின் குறுக்கே கீறினால் நான்கு. செம்பின் கடினம் மூன்றுக்கு மிகாது. திசைமாற்றியில் மைக்கா ஏடுகள் விளிம்பை வெளிக்காட்டியே நிற்கின்றன. எனவே உளி சந்திப்பது அதன் கடினமான பக்கத்தையே. ஒரு சுற்றில் இருநூறு முறை செம்பு, இருநூறு முறை மைக்கா என மாறிமாறித் தாக்கும்போது சாதாரண எஃகு முனை எவ்வளவு நேரம் தாங்கும்? இக்காரணத்தால் மைக்காவை முதலில் ஓரளவு தாழ வெட்டிவிட்டுப் பிறகு செம்பைக் கடைவோரும் உண்டு.

இக்கட்டுரை எழுதுவோன் ஒருமுறை கண்டது: பாரந்தூக்கி ஒன்றின் மோட்டார் பழுது பார்க்கப்பட்டு இருமுறை திரும்பி வந்தது. பிரஷ்ஷை மாற்றினர், வில்லை மாற்றினர், பொறி நிற்கவில்லை. மூன்றாம் முறை முதிய கடைசல் தொழிலாளி ஒருவர் மோட்டாரைப் பார்க்குமுன் லேத்தில் பூட்டியிருந்த உளியைக் கழற்றி, அதன் முனையைத் தம் கட்டைவிரல் நகத்தின்மீது மெதுவாக வைத்து நகர்த்தினார். உளி வழுக்கிக்கொண்டு போயிற்று. "இது இரும்புக்குச் சாணை பிடிச்ச உளி, தம்பி, செம்புக்கு ஆகாது" என்றார். வேறோர் உளியைத் தீட்டிக்கொண்டு வந்து, மயிரிழை ஆழத்துக்கு மேற்பரப்பைச் சீவினார். அம்மோட்டார் பிறகு திரும்பி வரவில்லை. ஆயின் முந்திய இருமுறைகளிலும் மழுங்கிய முனையால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் செம்பு வீணாகியிருந்தது.

அவர் தீட்டிய உளியின் வடிவைக் கவனித்தல் நலம். அதன் மேல்முகம் வெட்டுமுனையிலிருந்து பின்னோக்கி 20 முதல் 25 பாகை வரை சரிந்திருந்தது. இதனைப் பட்டறையில் ரேக் என்பர். பித்தளைக்கு இச்சரிவு ஏறக்குறையப் பூச்சியம். செம்புக்கோ மிகுதியாக வேண்டும். அப்போதுதான் சீவல் தங்குதடையின்றி ஏறி வழுக்கி ஓடும். உளியின் கீழ்முகம் செம்பை உரசாதவாறு 8 முதல் 12 பாகை வரை விலகியிருக்க வேண்டும். மேல்முகத்தைத் தீட்டுக்கல்லில் கண்ணாடிபோல் மெருகிடுதல் இன்றியமையாதது. சாணைக்கல் விட்ட கீறல்களே செம்பு பற்றிக்கொள்ளும் முதல் இடம்.

உளி செய்யும் பொருளின் வரலாறு தனியே எழுதத் தக்கது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், ஒயிட் எனும் அமெரிக்கர் இருவரின் அதிவேக எஃகு உலகை வியக்கச் செய்தது. 1923இல் ஜெர்மனியில் ஷ்ரோட்டர் உருவாக்கிய டங்ஸ்டன் கார்பைடு அதனினும் கடினமானது. க்ருப் நிறுவனம் அதற்கு இட்ட வீடியா என்ற பெயருக்கே 'வைரம் போன்றது' என்று பொருள். இறுதியில் வைரமே வந்தது. 1955இல் செயற்கை வைரம் செய்யும் முறையை அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அறிவித்தது. 1970களில், நுண்ணிய வைரத் துகள்களை மிகுந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் இணைத்து, கார்பைடின்மீது படியவைத்த உளிகள் கிடைக்கலாயின.

மாணவர் இங்கே ஒரு கேள்வி எழுப்பக்கூடும். எல்லாவற்றிலும் கடினமான வைரத்தைக் கடினமான எஃகை வெட்டப் பயன்படுத்தாமல், மென்மையான செம்புக்கு வைப்பானேன்? விடை ரசாயனத்தில் உள்ளது. வைரம் என்பது கார்பன். சூடான இரும்பு கார்பனைத் தன்னுள் கரைத்துக் கொள்ளும். எஃகு பிறப்பதே அப்படித்தான். ஆகவே எஃகைக் கடையும் வைரம் சர்க்கரைபோல் கரைந்து தேயும். செம்போ கார்பனை ஏறத்தாழக் கரைப்பதேயில்லை; வைரத்தின்மேல் ஒட்டுவதுமில்லை. மேலும், தூய வைரம் உஷ்ணத்தைச் செம்பைக் காட்டிலும் சுமார் ஐந்து மடங்கு எளிதாகக் கடத்துவதால் முனை குளிர்ந்தே இருக்கும். சிறு மோட்டார்களை ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைகளில் திசைமாற்றியைக் கடைய வைர உளி விரும்பப்படுவது இதனாலேயே.

ஆயினும், தளர்ந்த பழைய லேத்தில் வைர உளியைப் பூட்டுவது வீண் செலவு என்பது எம் கருத்து. அதிர்வு பட்டால் வைரம் விளிம்பில் தெறித்துவிடும். களப் பணிமனைக்கு நன்கு தீட்டிய அதிவேக எஃகோ, பூச்சில்லாத நுண்துகள் கார்பைடோ போதும்.

மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும்? கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்றே பலரும் விடை கூறுவர். பெரிய மோட்டார்களுக்கு அது பிழை. முழு வழுவழுப்பான செம்பில் பிரஷ் பொருந்தி அமர்வதும் படலம் உருவாவதும் தாமதமாகும். சராசரிக் கரடு 0.9 முதல் 1.8 மைக்ரான் வரை இருப்பது விரும்பத்தக்கது. இதனை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு சுற்றுக்கு உளி நகரும் தூரத்தின் வர்க்கத்தை, உளி மூக்கின் வளைவு ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால், உளி விடும் வரியின் ஆழம் கிடைக்கும். நகர்வு 0.16 மில்லிமீட்டர், ஆரம் 0.8 மில்லிமீட்டர் எனில், ஆழம் 0.004 மில்லிமீட்டர், அதாவது 4 மைக்ரான். சராசரிக் கரடு இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மைக்ரான். உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யத்தக்க கணக்கு இது.

கடையும்போது எண்ணெயோ சோப்பு நீரோ ஊற்றலாகாது. அது மைக்காவின் இடுக்குகளில் இறங்கி, செம்புத் தூளையும் கார்பன் தூளையும் பிசைந்து, மின்சாரம் கசியும் சேறாக்கும். கம்பிச் சுற்றுகளைத் துணியால் இறுகப் போர்த்திய பின்னரே லேத்தைச் சுழற்ற வேண்டும். உள்ளே விழுந்த ஒரு சீவல் பின்னர் முழு ஆர்மேச்சரையும் எரிக்கக்கூடும். கடைசிச் சீவல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருக்கட்டும்.

கடைந்த பின், துண்டங்களுக்கிடையே உள்ள மைக்காவை ஒரு மில்லிமீட்டர் அளவு தாழ வெட்டிக் காடியாக்க வேண்டும். செம்பு மைக்காவைவிட விரைவாகத் தேய்வதால், தாழ்த்தாது விட்ட மைக்கா நாளடைவில் தலைதூக்கிப் பிரஷ்ஷை உதைக்கும். காடியின் பக்கங்களில் மைக்காச் செதில் ஒட்டி நில்லாமல் பார்ப்பதும், துண்டங்களின் கூர்விளிம்பைச் சிறிது சாய்த்து விடுவதும் பொறுமை வேண்டும் வேலைகள். மெருகிட எமரித் துணியைத் தொடவே கூடாது. எமரியில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. அதன் துகள் செம்பில் புதைந்து பிரஷ்ஷை அராவும். கண்ணாடித் தூள் ஒட்டிய உப்புத்தாளே ஏற்றது. முடிவில் டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த துண்டங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு 5 மைக்ரானுக்கு மேற்படலாகாது.

1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாயில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியபோது, அதனை இழுத்தவை திசைமாற்றி உள்ள மோட்டார்களே. 1990களில் வந்த மூன்று கட்ட மின் எஞ்சின்களில் திசைமாற்றியே கிடையாது. பெரிய மோட்டார்களில் இவ்வுறுப்பு மெல்ல விடைபெற்று வருகிறது. எனினும், மிக்ஸி, கைத் துளையிடும் கருவி, மாவட்டப் பணிமனைகளில் இன்னும் உழைக்கும் பழைய மோட்டார்கள் ஆகியவற்றில் அது சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

ஆசிரியர்கள் பழுதான மிக்ஸி மோட்டார் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, வகுப்பில் பிரித்துக் காட்டலாம். மின் இணைப்பை முற்றிலும் அகற்றிய பின், மாணவர் திசைமாற்றித் துண்டங்களை எண்ணட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் செம்பில் பிரஷ் ஓடிய பழுப்புத் தடத்தை நோக்கட்டும். தடத்துக்கு வெளியே, பிரஷ் தொடாத ஓரத்தில், நெருக்கமான மெல்லிய வரிகள் தென்படும். தொழிற்சாலையில் உளி கடைசியாகச் சென்ற சுவடு அது.